மென்று துப்பிய அரிசி

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளிக்கூடம் மதுரைத் தல்லாகுளத்தில் இருந்தது. பெண்கள் பள்ளி. நிரந்தர வேலை இல்லை. கணக்கு டீச்சர் ஒருவர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை அவருடைய நாற்காலியில் நான் உட்காரலாம், அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. பி.எட். முடித்துவிட்டு, எம்ப்ளாய்மெண்ட் கார்டைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்தவர்கள் எங்கள் திருநகரில் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் அடுத்தவர் நாற்காலியும் நாற்காலிதான்.

அதற்குள் ஒரு நல்ல சேதி வந்தது. விடுப்பில் போன டீச்சரின் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் ஆகிவிட்டது, அவர் இனி வரமாட்டார் என்றார்கள். ஜூன் மாதம் அந்த இடம் காலியாகும். தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். அவரிடம் போய் மெதுவாகக் கேட்டேன். "பார்ப்போம்" என்றார். அப்பா மில்லில் பஞ்சுத் தூசியை விழுங்கி விழுங்கி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டவர். தம்பி படித்துக்கொண்டிருந்தான். அந்தப் "பார்ப்போம்" என்ற ஒரு சொல்லை நம்பித்தான் எங்கள் வீடு ஜூன் மாதத்துக்காகக் காத்திருந்தது.

ஸ்டாஃப் ரூம் என்றால் ஒரு நீள மேஜை, சுற்றி நாற்காலிகள், மூலையில் மண்பானை. எல்லோரும் அவரவர் கைப்பையை மேஜை மேலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போவார்கள். யாரும் பூட்டி வைத்ததில்லை.

அங்கே இருந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் சயின்ஸ் டீச்சர். அவர் மேல் எனக்குப் பக்தியே இருந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கிரகணத்தன்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தர்ப்பைப் புல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் ஸ்டாஃப் ரூம் ஜன்னலோரம் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டார். எங்களுக்கும் நீட்டினார். நான் ஒரு வாய் வாங்கிக்கொண்டேன். மற்றவர்கள் எனக்கு என்ன ஆகப்போகிறது என்று சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை ஒரு டீச்சரின் தோளில் பல்லி விழுந்து, அவர் பஞ்சாங்கத்தைத் தேடியபோது, "பலன் உங்களுக்கு இல்லை டீச்சர், பல்லிக்குத்தான். பாவம், இடுப்பு ஒடிஞ்சிருக்கும்" என்றார். இப்படி ஒரு பெண்பிள்ளையா என்று நான் வியந்துபோனேன். எதையும் ஏன் என்று கேட்பார். பதில் சரியாக இருந்தால் சின்னப் பெண் சொன்னாலும் ஒத்துக்கொள்வார்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தமிழ் டீச்சரின் சங்கிலி காணாமல் போனது. தமிழ் டீச்சர் பள்ளியிலேயே மூத்தவர். கழுத்தில் வேர்க்குரு போட்டிருந்ததால் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தாராம். மூன்றாவது பீரியட் முடிந்து வந்து பார்த்தால் காணோம். பையை மேஜை மேல் கவிழ்த்தார். சாவி, சீப்பு, பஸ் டிக்கெட்டுகள், பாதி தின்ற கடலை மிட்டாய், சிங்கப்பூரிலிருந்து அவர் தம்பி கொண்டுவந்து கொடுத்த மடக்குக் குடை எல்லாம் விழுந்தன. சங்கிலி விழவில்லை.

அந்த மூன்றாவது பீரியடில் எனக்கு வகுப்பு இல்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கணக்கு நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன். நடுவில் ஆயா வந்து பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். சங்கிலி காணோம் என்ற பேச்சு வந்ததும் அறையில் இருந்த அத்தனை கண்களும் ஒரு தடவை ஆயாவிடம் போயின, ஒரு தடவை என்னிடம் வந்தன. உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. எல்லோரும் மரியாதைப்பட்டவர்கள்.

போலீசுக்குச் சொல்லலாம் என்று ஒருவர் சொல்ல, பெரிய டீச்சர் பதறிவிட்டார். பெண்கள் பள்ளிக்கூடத்துக்குள் போலீஸ் வந்தால் நாளைக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்?

"செல்லூர்ல ஒருத்தர் வெத்தலையில மை தடவிப் பார்க்கிறாராம். ஆள் மூஞ்சியே தெரியுமாம்" என்றார் ஒரு டீச்சர்.

"அதெல்லாம் எதுக்கு? எங்க ஊர்ல அரிசி மந்திரிச்சுக் குடுப்பாக. எல்லாரும் மென்னு துப்பணும். எடுத்தவ வாயில அரிசி நனையாது, காஞ்ச மாவா வந்து விழும்" என்றார் தையல் டீச்சர்.

சயின்ஸ் டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீங்கள்லாம் படிச்சவுகதானே? பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துற வாயால பேசுற பேச்சா இது?" என்றார். பிறகு பேச்சை நிறுத்தி ஏதோ யோசித்தார். அந்த யோசனையில்தான் வினை இருந்தது.

"இருங்க, இருங்க. மந்திரம் பொய். ஆனா அரிசியில ஒரு விஷயம் இருக்கு. பயம் வந்தா வாயில எச்சி ஊறாது. இது உடம்போட இயற்கை, சாமியும் இல்லை, பூதமும் இல்லை. எடுத்தவங்களுக்குப் பயம் இருக்கும். எடுக்காதவங்களுக்கு என்ன பயம்? அதனால மந்திரமே வேண்டாம். வெறும் அரிசி போதும். எல்லாரும் மெல்லுவோம். நானும் மெல்லுறேன், பெரிய டீச்சரும் மெல்லட்டும். பேதம் கிடையாது."

அந்தப் பேச்சின் சாமர்த்தியத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். சாமி கும்பிடுகிறவர்கள் அரிசி என்பதால் ஒத்துக்கொண்டார்கள். கும்பிடாதவர்கள் சயின்ஸ் என்பதால் ஒத்துக்கொண்டார்கள். மையாக இருந்திருந்தால் பாதிப் பேர் சிரித்திருப்பார்கள், அந்தச் சிரிப்பில் நான் தப்பியிருப்பேன். இப்போது சிரிக்க ஆளில்லை. மந்திரவாதி சொல்லியிருந்தால் நம்பாதவர்களும் நம்பும்படி ஆகிவிட்டது.

கணக்கு டீச்சரான எனக்காவது அப்போதே உறைத்திருக்கலாம். மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருந்தால் மழைதான் பெய்தது என்று சொல்ல முடியுமா? தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு போயிருக்கலாம். எடுத்தவளுக்கு வாய் காயும் என்பது ஒன்று, வாய் காய்ந்தவள் எடுத்தவள் என்பது வேறொன்று. இதை எட்டாம் வகுப்புக்கு நானே கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். ஆனால் அன்று என் புத்தி கரும்பலகையில் இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் வேலை நிரந்தரமில்லாதவள் நான் ஒருத்திதான் என்பதிலேயே அது சுற்றிச் சுற்றி வந்தது.

கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போனபின் சோதனை நடந்தது. பக்கத்துக் கடையில் பச்சரிசி வாங்கி வந்தார்கள். சயின்ஸ் டீச்சர் லேபிலிருந்து வாட்ச் கிளாஸ்களைக் கொண்டுவந்தார். சின்னத் தட்டுப் போலக் குழிந்த கண்ணாடி, உப்பையும் பொடியையும் வைத்துக் காட்டுவதற்கு லேபில் வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று வைத்து ஆளுக்கொரு பிடி அரிசியும் கொடுத்தார். பெரிய டீச்சர் முதல் ஆளாக மென்றார். அவருக்குப் பல் கட்டியிருந்ததால் அரிசி அரைபடவே இல்லை, ஆனால் நனைந்து வந்தது. தமிழ் டீச்சருடையது கூழாக வந்தது. சயின்ஸ் டீச்சருடையதும் அப்படியே. ஆயா நாள் முழுதும் வெற்றிலை போடுகிறவர். அவர் துப்பியது செக்கச்செவேலென்று குங்குமச் சாந்து போல வந்தது. வெற்றிலை அவரைக் காப்பாற்றியது.

என் முறை வந்தது. அரிசியை வாயில் போட்டேன். மணலைப் போட்டது போல இருந்தது. நாக்கைச் சுழற்றினேன், கன்னத்தை உறிஞ்சினேன், புளியை நினைத்தேன், நெல்லிக்காயை நினைத்தேன். ஒரு சொட்டு ஊறவில்லை. எல்லோரும் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்பினேன். வெள்ளை மாவும் நொய்யுமாக உதிர்ந்தது. ஊதினால் பறந்திருக்கும்.



"நான் எடுக்கலை" என்றேன்.

"உங்களை நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் சயின்ஸ் டீச்சர். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அரிசி இப்படி வந்திருக்கு. அம்புட்டுத்தான்."

பெரிய டீச்சர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். தோளில் கை வைத்தார். "வீட்ல கஷ்டம்னு எனக்குத் தெரியும்மா. திங்கக்கிழமை கொண்டாந்து மேஜையில வச்சிருங்க. யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். கருணையைப் பார்த்துக் கத்த முடியுமா? திருநகர் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் கம்பியில் தலையை வைத்து அழுதேன்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அது சரி, நீ எதுக்குடி பயந்த?" என்றாள். பெற்றவளே இப்படிக் கேட்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய், டப்பாவைத் திறந்து ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மென்று உள்ளங்கையில் துப்பினேன். பால் போல நனைந்து வந்தது. "பாரு!" என்று அம்மாவிடம் நீட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "பச்சரிசியைத் தின்னாத. கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்" என்றாள். பிற்பாடு என் கல்யாணத்தன்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது உண்மைதான். அன்று மாட்டுத்தாவணிப் பக்கம் வேறு இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. அவர்கள் அரிசி தின்றார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் யோசித்தேன். வேலையை விட்டுவிட்டால், பார்த்தீர்களா ஓடிவிட்டாள் என்பார்கள். போனால், எவ்வளவு துணிச்சல் என்பார்கள். அழுதால் குற்ற உணர்ச்சி. அழாவிட்டால் கல்நெஞ்சு. எப்படிப் பார்த்தாலும் கணக்கு ஒரே விடைக்குத்தான் வந்தது. விடையை முதலில் எழுதிவிட்டு வழியை அப்புறம் போடுகிற பிள்ளைகள் வகுப்பில் உண்டு. பெரியவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். முடிவு முன்னாலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. காரணங்கள் பின்னால் வந்து விசிறிவிட்டுக்கொண்டு நிற்கின்றன. இருந்தாலும் திங்கட்கிழமை போனேன். ஜூன் மாதத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். நான் எதையும் வைக்கவில்லை. அதன்பின் ஒருவர் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். மத்தியானத்துக்குள் அந்த நீள மேஜை மேல் என் பை மட்டும் தனியாக இருந்தது.

அதற்குப் பிறகு பங்குனி முழுவதும் அப்படியேதான் போனது. என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சொல்ல முடியாது. பேசினார்கள், அளவாகப் பேசினார்கள். ஆயாகூட ஒருநாள் பெருக்கிக்கொண்டே, "என்ன இருந்தாலும் அரிசி பொய் சொல்லுமா டீச்சரம்மா?" என்றார். தான் தப்பித்த நிம்மதி அவருக்கு. சயின்ஸ் டீச்சர் மட்டும் முன்பு போலவே வகுப்பு விஷயம் பேசினார், சந்தேகம் கேட்டார். ஆனால் அவர் பையும் மடியில்தான் இருந்தது. அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

சித்திரை பிறந்து, அழகர் வருவதற்குத் தல்லாகுளத்தில் பந்தல் கால்கள் நட ஆரம்பித்திருந்தார்கள். முழுப் பரீட்சை முடியப்போகிற சமயம். ஒருநாள் சாயங்காலம் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பில் பள்ளிப் பிள்ளைகளோடு டீச்சர்கள் நாங்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். தமிழ் டீச்சர் பையிலிருந்து சிங்கப்பூர்க் குடையை எடுத்தார். மதுரை வெயிலுக்கு அவர் அதை ஒருநாளும் விரித்ததில்லை, சாயம் போய்விடுமாம். மழைக்குத்தான் என்று வைத்திருந்தார். மழையோ மாதக்கணக்கில் வரவில்லை. இப்போது குடையை விரித்தார். மடிப்புக்குள்ளிருந்து கைக்குட்டை ஒன்று விழுந்தது. அதிலிருந்து சங்கிலி நழுவி, பஸ் ஸ்டாப்பின் ஈரச் சிமெண்டில் விழுந்து கிடந்தது.

தமிழ் டீச்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் நினைத்திருந்தால் அதைக் காலால் மறைத்திருக்கலாம், நான் கொஞ்சம் தள்ளித்தான் நின்றேன். அவர் அங்கேயே, மழையில், அத்தனை பிள்ளைகள் முன்னால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் காலை ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் அவரே சொன்னார். உடனே, "நான் அன்னைக்கே நெனச்சேன், இவங்க அப்பிடிப்பட்ட ஆள் இல்லைன்னு" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். பைகள் ஒவ்வொன்றாக மேஜைக்குத் திரும்பின. எல்லோரும் அன்றைக்கே அப்படி நினைத்திருந்தால் அத்தனை நாளும் பைகளை மடியில் தூக்கிவைத்தது யார் என்று கேட்க நாக்கு துடித்தது. ஜூனை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஆனால் ஜூன் அத்தனை சுலபமாக வரவில்லை. பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "சங்கிலி கெடச்சுருச்சு, சந்தோஷம். ஆனா தாளாளர் காது வரைக்கும் போயிருச்சும்மா. வேற ஆள் பார்க்கச் சொல்லிட்டாரு. சங்கிலி கெடச்சதைச் சொன்னேன். அப்ப அந்தச் சோதனை என்னாச்சுன்னு கேட்கிறாரு. நான் என்ன சொல்ல? சயின்ஸ் டீச்சர் நடத்துன சோதனை. அது தப்புன்னு அவங்க வந்து சொல்லட்டும், நான் எழுதி அனுப்புறேன்" என்றார்.

சங்கிலியே கிடைத்தபிறகு இன்னும் என்ன சாட்சி வேண்டும் என்று இன்று கேட்கத் தோன்றும். அன்று அவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நான் லேபுக்குப் போனேன்.

சயின்ஸ் டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சங்கிலி கிடைத்ததிலிருந்து அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். 

"ஒண்ணு கேட்கிறேன், தப்பா நெனைக்காதீங்க. எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமில்லை" என்றார். "நீங்க எடுக்கலை. சரி. அப்ப உங்க வாய் ஏன் காஞ்சுச்சு?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று வந்தால் கேள்வி கேட்கிறார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"பயந்தேன் டீச்சர். அதான் காஞ்சுச்சு" என்றேன்.

"எடுக்காத ஆளுக்கு என்ன பயம்?"

"சங்கிலி காணோம்னு சொன்னதும் எல்லாரும் ஆயாவையும் என்னையும்தான் பார்த்தீங்க. அரிசியைப் பார்த்ததெல்லாம் அதுக்கு அப்புறம். நான் எடுத்தேனா இல்லையான்னு எனக்குப் பயம் இல்லை டீச்சர். நீங்க என்ன முடிவு பண்ணுவீங்கன்னுதான் பயம்."

அவர் நிமிர்ந்தார். "நானுமா உங்களைப் பார்த்தேன்?"

"நீங்கதான் முதல்ல பார்த்தீங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து அலமாரியைத் திறந்தார். அன்று மிஞ்சிய பச்சரிசியைப் பொட்டலமாகக் கட்டி உள்ளே வைத்திருந்தார். லேபில் எதையும் வீணாக்க மாட்டார். ஒரு வாட்ச் கிளாஸைத் துடைத்து மேஜை மேல் வைத்தார். ஒரு பிடி அரிசியை வாயில் போட்டு மென்றார். என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் தாடை வெகுநேரம் அசைந்தது. குனிந்து துப்பினார்.

இருவரும் பார்த்தோம். வெள்ளை மாவும் நொய்யுமாக, ஒட்டாமல் உதிர்ந்து கிடந்தது.

அவர் அந்த வாட்ச் கிளாஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வராந்தாவில் நடந்தார். நான் பின்னால் போனேன். வழியில் பிள்ளைகள் வணக்கம் வைத்தார்கள், அவர் கவனிக்கவில்லை. பெரிய டீச்சரின் அறைக்குள் போய், மேஜையில் பரப்பியிருந்த காகிதங்களின் மேலேயே அதை வைத்தார். நான் வாசலில் நின்றுவிட்டேன். அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இது என் அரிசி டீச்சர். இப்ப மென்னது. சங்கிலியை நானும் எடுக்கலை."